பல் விளக்கும்போது வரும் பித்தம்

எங்கள் ஊரில் குடிக்கிறவர் யாருமே கிடையாது. பள்ளிபாளையத்தில் நான் கிளினிக் வைத்து வெகுகாலம் ஆகிறது, "குடிப்பீங்களா?" என்று கேட்டதற்கு "ஆமாங்க" என்று நேராகப் பதில் சொன்ன மகராசனை இன்னும் பார்க்கவில்லை. "எப்பவாச்சுமுங்க" என்பார்கள். "விசேசத்துல கம்பெனிக்குங்க" என்பார்கள். ஒருவர் ஊதிய வயிற்றோடு வந்து படுத்துக்கொண்டு, "வாசம் புடிச்சாலே எனக்கு ஆவாதுங்க டாக்டரம்மா" என்றார். அவர் மூச்சு பட்டு எனக்கே தலை சுற்றியது. கூட வந்த மனைவி ஓரடி முன்னால் வந்து, "அவரு அந்த மாதிரியெல்லாம் இல்லீங்க" என்று சேர்த்துச் சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் மேஜை முன்னால் உட்கார்ந்தால் தினமும் பார்க்கலாம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆரம்பத்தில் கத்துவேன். கத்தினால் என்ன ஆகும், அடுத்த முறை வேறு டாக்டரிடம் போய் அதே பொய்யைச் சொல்வார்கள். அதனால் கத்துவதைக் குறைத்துக்கொண்டு கேள்வியை மாற்றினேன்.

"காலையில பல்லு வெளக்கறப்ப ஓங்கரிப்பு வருதுங்களா?"

இதைக் கேட்டால் போதும், ஆள் மலர்ந்துவிடுவார். "கரெக்டாச் சொன்னீங்க டாக்டரம்மா, பித்தமுங்க! பிரஷ்ஷ வாயில வெச்சா கொடலே வெளிய வந்துரும்போல இருக்குது. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடிச்சும் பாத்துட்டனுங்க, அடங்க மாட்டீங்குது." குடியைச் சொல்லத்தான் வெட்கம், பித்தத்தைச் சொல்ல வெட்கமே கிடையாது. எங்கள் பக்கத்தில் பித்தம் கௌரவமான வியாதி. அப்பனுக்கும் இருந்தது, தாத்தனுக்கும் இருந்தது என்று வம்சாவளியே சொல்வார்கள்.

பித்தத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே போவேன். காலையில் டீ டம்ளரை ஒரு கையில் எடுக்கிறாரா, இரண்டு கையாலும் பிடிக்கிறாரா? இட்லி இறங்குகிறதா? ராத்திரி தூக்கம் பாதியில் கலைந்து வேர்த்துக் கொட்டுகிறதா? ரத்த அழுத்தம் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் காலையில் ஏறியிருந்து, சாயங்காலத்துக்கு மேல் பார்த்தால் சமர்த்தாக இறங்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால் சும்மா இருப்பேன். எல்லாம் சேர்ந்து இருந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவேன். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து வருகிறவரைக் கண்டுபிடிக்க டாக்டர் எதற்கு, தெருவில் போகிறவரே சொல்லிவிடுவார். சட்டை கசங்காமல், வேலைக்கு ஒழுங்காகப் போய்க்கொண்டு, ஊரில் நல்ல பேரோடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். அதை விட்டால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான்.

சட்டை கசங்காமல் நல்ல பேரோடு இருந்தவன் என் தம்பி.

அப்பாவுக்குப் பிறகு தறிப்பட்டறையை அவன்தான் நடத்துகிறான். நான் அதே ஊரில் நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். ஒருநாள் அம்மாவைப் பார்க்கப் போனவள் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு தறியில் இழை அறுந்து நின்றது. தம்பி பக்கத்திலேயே நின்றிருந்தான். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே, பேசிக்கொண்டே, கண் வேறெங்கோ இருக்க, விரல் மட்டும் போய் இழையை முடிந்துவிட்டு வரும். அன்றைக்கு அவன் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, கடைசித் தறியில் இருந்த ஆளைக் கூப்பிட்டு, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். அந்த ஆள் அவ்வளவு தூரம் வந்து முடிந்துவிட்டுப் போனார். அதுவரை தம்பியின் கை மடிப்பை விட்டு வெளியே வரவே இல்லை.

பிரஷர் பார்க்கலாம் வா என்று கிளினிக்குக்குக் கூப்பிட்டேன். காலையில் ஏறியிருந்தது. ஓங்கரிப்பு வருகிறதா என்று கேட்டேன். "பித்தம்க்கா" என்றான். டாக்டராக இருந்து என்ன, அந்த நிமிடம் நானும் அது பித்தமாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை வந்தது. ஈரல் என்சைம் ஏறியிருந்தது. சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் பெருத்திருந்தன. இரண்டும் சேர்ந்து சொல்வது எனக்குத் தெரியும்.

"பித்தமெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ குடிக்கற. தினமும் குடிக்கற" என்றேன்.

அவன் சிரித்தான். "அக்கா, வருசாவருசம் மாலை போடறேன். மலைக்குப் போய்ட்டு வந்து கழட்டற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடறதில்ல. குடிகாரனால அது முடியுமா, நீயே சொல்லு."

இந்தக் கேள்வியை ஒவ்வொரு கார்த்திகையிலும் ஏதாவது ஒரு குடும்பம் என்னிடம் கேட்கும். மாலை போட்டால் நிறுத்துகிறான், ஆகவே அவன் குடிக்கு அடிமை இல்லை. எங்கள் ஊரில் இதுதான் தீர்ப்பு. இதற்கு மேல் கோர்ட்டே கிடையாது. எனக்கும் அது ஒரு முடிச்சாகத்தான் இருந்தது. இந்தக் கை நடுக்கத்தோடு, இந்த ரத்தத்தோடு, அத்தனை நாள் இவன் எப்படிச் சும்மா இருக்கிறான் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் கறாராகச் சொன்னேன். "நிறுத்தறதுன்னா எங்கிட்டச் சொல்லிட்டு நிறுத்து. பட்டுன்னு நிறுத்துனா உன்ற ஒடம்பு தாங்காது. மாத்திரை குடுத்து, பக்கத்துல இருந்து பாத்து, கொஞ்சங்கொஞ்சமா நிறுத்தணும். கேக்குதா?"

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அம்மா அன்றைக்கே போன் போட்டாள். "குடிக்காதேன்னு சொல்ற டாக்டரைப் பாத்திருக்கறேன். நிறுத்தாதேன்னு சொல்ற டாக்டரை இப்பத்தான் பாக்கறேன். கூடப் பொறந்தவனைக் குடிகாரன்னு சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துச்சு?" என்று வைத்துவிட்டாள்.

தம்பி மனைவியைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அவள் ராசிபுரத்துப் பெண். சத்தமாகப் பேசியே நான் கேட்டதில்லை. "எப்பவாச்சுமுங்க அண்ணி" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீயுமாடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

கார்த்திகை பிறந்தது. தம்பி மாலை போட்டான். போட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும், சாயங்காலம் கிளினிக்கில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாப்பா, ஒடனே வா. தம்பிக்குச் சாமி வந்திருக்குது. காலையில இருந்தே லேசா வந்துட்டிருந்துச்சு, இப்ப நெம்ப நல்லா வந்துருச்சு. தெருவே வந்து கும்பிட்டுட்டு இருக்குது."

"எப்படி வந்திருக்குது?" என்றேன்.

"ஒடம்பெல்லாம் நடுங்குது பாப்பா. வேர்த்து ஊத்துது. யார்கிட்டயோ பேசறான்."

காத்திருந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. நடுவீட்டில் படம் வைத்து, விளக்கேற்றி, கருப்பு வேட்டிக்காரர்கள் சுற்றி நின்று சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தான். முகம் செக்கச் சிவந்து, வேர்வை மார்பில் ஓடியது. கண் சுவரில் நிலைகுத்தியிருந்தது. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை எதையோ பிடித்து முறுக்குவதுபோல ஆட்டிக்கொண்டே இருந்தான். பக்கத்துத் தெரு அம்மாள் ஒருத்தி முட்டி போட்டு உட்கார்ந்து, "சாமி, என்ற பொண்ணுக்கு எப்ப கல்யாணம் கூடுமுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அறுந்து கெடக்குது" என்றான் தம்பி. "நிறுத்து. அத்தனையும் அறுந்து கெடக்குது, நிறுத்து நிறுத்து."

அந்த அம்மாள் ஓவென்று அழுதுவிட்டாள். "சம்பந்தம் அறுந்து போகுமுன்னு சாமி சொல்லுதுங்களே!"

எனக்கு மட்டும் தெரிந்தது. அவன் கை இழையை முடிந்துகொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு அந்தச் சுவரில் தறி ஓடிக்கொண்டிருந்தது; பாவு நூல் முழுக்க அறுந்து கிடந்தது. குடியை ஒரேயடியாக நிறுத்தினவனின் மூளை மூன்றாம் நாள் வாக்கில் இப்படித்தான் கலங்கும். தினமும் செய்த வேலையை அவன் கை வெறுங்காற்றில் செய்யும். இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவனிடம் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். குருசாமி குறுக்கே வந்தார். நல்ல மனிதர், பல வருடமாக இந்தத் தெரு ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிறவர். "டாக்டரம்மா, கொஞ்சம் எட்டி நில்லுங்க. மாலை போட்ட சாமிங்க. நீங்க தொடக்கூடாதுங்க."

"அவன் என் தம்பிங்க" என்றேன்.

"இப்பச் சாமிங்க."

"சாமியா இருந்தாலும் சரி, ஆசாமியா இருந்தாலும் சரி, இந்த வேர்வையைப் பாருங்க. இவன் செத்துப் போயிருவானுங்க!" என்று கத்திக்கொண்டே அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. உடம்பு கொதித்தது. பாட்டு நின்றது. "ஐயோ, மேல கைய வெச்சுட்டாளே, சாமி மேல கைய வெச்சுட்டாளே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தம்பிக்கு நான் யாரென்றே தெரியவில்லை. கையை உதறிக்கொண்டு எழுந்தான். "ஓடுதே, நிறுத்தலியா?" என்று கேட்டபடி பின்கட்டு வழியாகப் போனான். சாமி எழுந்து போகிறது என்று எல்லோரும் வழிவிட்டார்கள். பின்கட்டைத் தாண்டினால் பட்டறை. உள்ளே நிஜமாகவே தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பின்னாலேயே ஓடினேன். அவன் நேராக முதல் தறிக்குப் போய், ஓடுகிற தறிக்குள் இழை முடியக் கையை நீட்டினான். நான் போட்ட சத்தத்தில் குருசாமிதான் பாய்ந்து அவனை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தார். இருவரும் நூல் மூட்டை மேல் விழுந்தார்கள். யாரோ மெயின் சுவிட்சை அணைத்தார்கள். அந்த அமைதியில், தம்பி தரையில் கிடந்து, இன்னும் விரலை முறுக்கிக்கொண்டிருந்தான்.

குருசாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது சாமியில்லீங்க" என்றார் மெதுவாக. "நாங்க தூக்கறமுங்க. நீங்க வண்டியச் சொல்லுங்க."

பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பணியில் இருந்த டாக்டர் இளைஞர்; கெட்டிக்காரர். காய்ச்சலையும் பிதற்றலையும் பார்த்துவிட்டு, "மூளைக்காய்ச்சலா இருக்கலாம் மேடம். முதுகுல நீர் எடுத்துப் பாத்துரலாம்" என்றார்.

"குடியை நிறுத்துனதால வந்தது" என்றேன்.

அம்மா விடவில்லை. "எம்பையன் தொடவே மாட்டானுங்க. மாலை போட்டவனுங்க."

"மாலை போட்டப்ப நிறுத்தியிருக்கான்" என்றேன்.

அந்த டாக்டர் என்னிடம் திரும்பினார். "போன வருசமும் மாலை போட்டாரா?"

"வருசாவருசம் போடறவனுங்க" என்றாள் அம்மா.

"அப்பெல்லாம் இப்படி வந்திருக்கா?"

"ஒருக்காலும் இல்லீங்க. கல்லு மாதிரி இருப்பானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நியாயமான கேள்விதான். நான் சொல்வது சரியென்றால் முந்தின வருடங்களிலும் ஏதாவது தெரிந்திருக்க வேண்டும். கட்டிலில் தம்பி சன்னமாக முனகிக்கொண்டிருந்தான். எந்த மருந்தை முதலில் ஏற்றுவது என்பது இந்தக் கேள்விக்கான பதிலில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரோரம், குருசாமிக்கும் அம்மாவுக்கும் பின்னால் நின்றிருந்தாள்.

"போன வருசம் நிறுத்தலீங்க" என்றாள்.

அம்மா திரும்பினாள். "என்னடி சொல்ற?"

"மாலை போட்டுட்டும் குடிச்சாருங்க அத்தை. எல்லா வருசமும் குடிச்சாருங்க. காலையில குளிச்சுட்டுப் பூசைக்கு முந்தி குடிப்பாரு. நாந்தான் டம்ளர்ல ஊத்திக் குடுப்பனுங்க. குடிக்காட்டி கற்பூரத் தட்டு ஆடுமுங்க, எல்லாரும் பாத்துருவாங்க." அவளுக்கு மூச்சு வாங்கியது. குருசாமி பக்கம் திரும்பவே இல்லை, டாக்டரைப் பார்த்தே சொன்னாள். "இந்த வருசந்தானுங்க நெசமாலுமே நிறுத்துனாரு. இனிச் சாமிய ஏமாத்த மாட்டேன்னு சொல்லி, இருந்ததை எல்லாம் என்னைய விட்டே சாக்கடையில ஊத்தச் சொன்னாரு. நாந்தான் ஊத்துனனுங்க. நாந்தான் அவரைக் கொன்னுட்டனா அண்ணி?"

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். அவள் இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டாள். "கொல்லல. நீ இப்பச் சொன்ன பாரு, அதுதான் அவனைக் காப்பாத்தும்" என்றேன். அந்த டாக்டர் அதற்குள் நர்ஸிடம் ஊசிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. என் தம்பி பொய்யாக மாலை போட்ட வருடமெல்லாம் கல்லுப்போல இருந்தான், ஊர் மெச்சியது. ஒரு வருடம் உண்மையாகப் போட்டான், சாவு வரைக்கும் போய்விட்டான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாத்திரையில் முடிந்திருக்கும். சொன்னால் குடிகாரன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமே, அதற்குச் சாவே தேவலை என்று இருந்திருக்கிறான், பாவி.

குருசாமிதான் கட்டில் பக்கம் வந்து, மந்திரம் சொல்லி, மாலையைக் கழற்றித் தன் துண்டில் முடிந்துகொண்டார். "கோயில்ல சேத்தரணுங்க. குத்தமில்லீங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

சில நாள் கட்டிலோடு கட்டப்பட்டுக் கிடந்து, தம்பி மெல்லத் தெளிந்தான். வீட்டுக்கு வந்ததும் தெரு திரண்டு வந்தது. ஆஸ்பத்திரி விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சாமி வந்ததை டாக்டரக்கா ஊசி போட்டு இறக்கிவிட்டாள் என்றுதான் பேச்சு. ஒரு பெரியவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குச் சாமி உங்க வாயில என்னமோ சொல்லுச்சாமே சாமி, நெனவு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

தம்பி அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சாமியெல்லாம் வரலீங்க. நான் குடிகாரனுங்க. நிறுத்துனதுல வந்த நடுக்கமுங்க அது."

அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கூட்டம் கலைந்த பிறகு என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். "ஊருல எந்த ஊட்டுல இது இல்ல? அவங்கவங்க மூடி வெச்சுப் பொழைக்கறதில்லையா? எம்பையனை நடுவூட்டுல நிக்க வெச்சு அவன் வாயாலயே சொல்ல வெச்சுட்டியே, உனக்கு மனசு குளுந்துச்சா?" என்று கேட்டாள். அவளுடன் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அவள் மகன் உயிரோடு பக்கத்து அறையில் மோர் குடித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதவில்லை. அன்றிலிருந்து அம்மா என்னுடன் சரியாகப் பேசுவதில்லை.

தம்பி பட்டறை திறக்கும் முன் தினமும் கிளினிக்குக்கு வந்து, என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கிவிட்டுப் போவான். மனநல டாக்டரிடமும் போய்வருகிறான். நான் அவன் கையைப் பார்ப்பேன். நான் பார்ப்பதை அவன் பார்ப்பான். இரண்டு பேரும் தறியைப் பற்றியோ மழையைப் பற்றியோ பேசுவோம். எனக்கு நிம்மதி என்று சொன்னால் பொய். அவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பயம், உம்மென்று இருந்தால் அதற்கொரு பயம். டாக்டராக இருப்பதைவிட அக்காவாக இருப்பது பெரிய அவஸ்தை.

மாசி மாதத்தில் ஒருநாள் அவன் வரவில்லை. உறவில் ஒரு கல்யாணம், முந்தின நாள் ஈரோட்டுக்குப் போயிருந்தான். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எதிரில் உட்கார்ந்தவர் பித்தத்தைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழவில்லை. அப்போது தம்பி மனைவியின் போன் வந்தது. முன்பெல்லாம் அவள் போன் என்றாலே, அவருக்குக் காய்ச்சல், அவருக்கு வயிற்று வலி, படுத்திருக்கிறார் என்று ஏதாவது ஒரு சாக்குதான் வரும். இந்த முறையும் அதுதான் என்று நினைத்து எடுத்தேன்.

"அண்ணி, இன்னைக்குக் குடிச்சுட்டாருங்க" என்றாள்.

அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். "எதிர்லதான் உக்காந்திருக்காருங்க. பாதிப் பாட்டில் இருக்குது, எங்கிட்டக் குடுத்துட்டாரு. நான் ஊத்திரட்டுமான்னு கேட்டனுங்க. வேண்டா, முதல்ல அக்காவக் கூப்புடுன்னு அவரேதானுங்க சொன்னாரு."